கலிவரின் அறுபட்ட வரைபடம்

முதல் பாகம் தொடங்கும் இடத்தில், இரண்டு தாள்களுக்கு நடுவே, ஒரு நெல் அகலத்துக்குக் காகித விளிம்பு நின்றுகொண்டிருந்தது. விரலால் தடவினேன். வெட்டு மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக இருந்தது. தானாகக் கிழிந்திருந்தால் அப்படி இருக்காது. யாரோ பிளேடு வைத்து, நிதானமாக, புத்தகத்தின் மற்ற தாள்களுக்குச் சேதம் வராமல் அறுத்து எடுத்திருக்கிறார்கள். ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிய 'கலிவரின் பயணங்கள்' அது. குட்டி மனிதர்கள் வாழும் லில்லிபுட் தீவின் வரைபடம் இருந்திருக்க வேண்டிய இடம். புத்தகம் என் கைக்கு வந்து 22 நாள் ஆன பிறகுதான் அதைக் கண்டேன்.

இந்தப் புத்தகத்தைத் தேடத் தொடங்கியது அப்பாவுக்காக. கோபிச்செட்டிபாளையம் பக்கம் அரசுப் பள்ளியில் 31 வருடம் ஆங்கிலம் நடத்தியவர். நானும் அவரிடம் படித்தவள்தான். நான்-டீடெயில் வகுப்பில் கலிவர் கதை என்றால் மேசைமேல் சாக்பீஸ் துண்டுகளை வரிசையாக நிறுத்துவார். அதுதான் லில்லிபுட் சேனை. அவர் கைதான் கலிவர். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள்கூட சன்னலோரம் வந்து நிற்பார்கள். அவர் வைத்திருந்தது மெல்லிய சுருக்கப் பதிப்பு. லில்லிபுட்டோடு கதை முடிந்துவிடும்.

2018-இல் அவருக்கு 75 வயது நிறைந்தது. நான் லண்டனில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். டிசம்பரில் ஊருக்கு வரும்போது என்ன வாங்கி வரட்டும் என்று போனில் கேட்டேன்.

"எனக்கென்ன கண்ணு வேணும்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் கலிவர் கதை, அந்தக் காலத்து அச்சுல இருந்தா ஒருக்கா பாக்கோணும். அங்கதான அச்சடிச்சாங்க?" என்றார்.

அங்கேதான் அச்சடித்தார்கள். 1726 அக்டோபர் 28 அன்று, லண்டன் ஃப்ளீட் தெருவில் மிடில் டெம்பிள் வாயிலருகே கடை வைத்திருந்த பெஞ்சமின் மோட் அதை வெளியிட்டார். இரண்டு தொகுதி, விலை எட்டரை ஷில்லிங். அட்டையில் ஜோனதன் ஸ்விஃப்ட் என்ற பெயரே கிடையாது. 'தொலைதூர நாடுகள் பலவற்றுக்குப் பயணங்கள், எழுதியவர் லெமுவேல் கலிவர், முதலில் மருத்துவர், பிறகு பல கப்பல்களின் தலைவர்' என்றுதான் தலைப்புப் பக்கம் சொல்லும். ஸ்விஃப்ட் அப்போது டப்ளினில் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தின் தலைமைக் குரு. ஆட்சியில் இருந்தவர்களைத் தாக்கி எழுதிய நூல் என்பதால் கையெழுத்துப் பிரதியை வேறொருவர் கையால் படியெடுக்கச் செய்து, கலிவரின் உறவினர் என்று ஒரு கற்பனைப் பெயரில் கடிதம் எழுதி, இருட்டிய பிறகு வண்டியிலிருந்து பதிப்பாளர் வீட்டில் போட்டுவிட்டுப் போகும்படி ஏற்பாடு செய்தார். முதலில் அச்சடித்த பிரதிகள் ஒரே வாரத்தில் விற்றுப்போயின என்று அவருடைய நண்பர் ஜான் கே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அந்த முதல் அச்சை வாங்கும் வசதி எனக்கில்லை. நல்ல நிலையில் இருக்கும் பிரதி பல பத்தாயிரம் பவுண்டுக்குப் போகும். ஆனாலும் முதல் பதிப்பைப் பற்றித் தெரிந்துகொள்வதற்கே இரண்டு மாதம் செலவிட்டேன். அந்த இரண்டு மாதம்தான் என்னைப் பல தவறுகளிலிருந்து காப்பாற்றியது.

விற்பனை விவரங்களில் '1726' என்ற எண் அடிக்கடி வரும். அதைப் பார்த்ததும் மனம் தாவும். 1880-களில் அச்சான புத்தகத்துக்கும் '1726' என்று போடுவார்கள், கதை முதலில் வெளிவந்த ஆண்டு அது என்பார்கள். பின்னாளில் முதல் பதிப்பைப் பார்த்து அப்படியே நகலெடுத்து அச்சிட்ட பதிப்புகளிலும் தலைப்புப் பக்கத்தில் பழைய ஆண்டு இருக்கும். உண்மையிலேயே 1726-இல் அச்சானதாக இருந்தாலும் கதை அங்கே முடியவில்லை. மோட் அந்த ஒரே ஆண்டுக்குள் மூன்று தனித்தனிப் பதிப்பு போட்டுவிட்டார். மூன்றிலும் ஆண்டு ஒன்றுதான். டீரிங்க் என்ற டச்சு அறிஞர் 1937-இல் வெளியிட்ட நூற்பட்டியலைப் பின்பற்றி, இவற்றை ஏ, ஏஏ, பி என்று பிரிக்கிறார்கள். முதல் தொகுதி ஒரு பதிப்பாகவும் இரண்டாம் தொகுதி வேறொரு பதிப்பாகவும் சேர்த்து ஒரே ஜோடியாக விற்கும் பிரதிகளும் உண்டு. முகப்பில் இருக்கும் கலிவரின் உருவப்படத்திலேயே வேறுபாடு இருக்கிறது. முதலில் எடுத்த அச்சில் அவர் பெயரும் 58 என்ற வயதும் படத்துக்குக் கீழே இருக்கும். பிறகு அந்த எழுத்தை முட்டைவடிவச் சட்டத்தைச் சுற்றி மாற்றிவிட்டார்கள். இந்த ஒரு வேறுபாடே விலையில் பெரிய வித்தியாசம் செய்யும்.

என் சக்திக்கு எட்டியவை இரண்டு வகை. ஒன்று, படங்களுக்காக மதிக்கப்படும் பிற்காலப் பதிப்புகள். கிராண்ட்வில் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்து 1838-இல் பாரிசில் வந்தது, ஆர்தர் ராக்கம் வரைந்து 1909-இல் லண்டனில் வந்தது போன்றவை. ராக்கம் பதிப்பில் அவர் கையெழுத்திட்ட 750 பிரதிகளுக்கு ஒரு விலை, சாதாரணப் பிரதிக்கு வேறு விலை. இன்னொன்று, 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த மறுபதிப்புகள். சில நூறு பவுண்டில் கிடைக்கும். அப்பா கேட்டது 'அந்தக் காலத்து அச்சு'. அதனால் இரண்டாவது வகையைத் தேடினேன்.

சேரிங் கிராஸ் சாலையிலிருந்து செயின்ட் மார்ட்டின்ஸ் லேனுக்குப் போகும் செசில் கோர்ட் என்ற சந்து முழுக்கப் பழம்புத்தகக் கடைகள். வண்டி போகாத சந்து. அங்கே ஒரு கடையில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். வாங்கும் அளவுக்கு என்னிடம் பணமில்லை, கற்றுக்கொள்ளத்தான் வந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தோலைப் பார்க்காதீர்கள். பொன் எழுத்தைப் பார்க்காதீர்கள். முதலில் தாளை எண்ணுங்கள்" என்றார்.

எண்ணுவது எப்படி என்று அவர் காட்டியது எனக்குச் சட்டென்று பிடிபட்டது, ஏனென்றால் எங்கள் ஊர் அச்சகத்தில் சின்ன வயதில் பார்த்ததுதான். 16 பக்கம் ஒரு பாரம் என்பார்களே, அதே கணக்கு. பெரிய தாளின் இரண்டு பக்கமும் அச்சடித்து, மூன்று முறை மடித்தால் எட்டுத் தாள், 16 பக்கம். பழைய ஆங்கிலப் புத்தகத்தில் ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில் ஓர் எழுத்து இருக்கும். ஏ, பி, சி என்று வரிசையாகப் போகும். பைண்டர் பாரங்களை வரிசை மாறாமல் அடுக்குவதற்கான அடையாளம் அது. அவர்கள் கணக்கில் 23 எழுத்துதான். ஐ, ஜே இரண்டுக்கும் ஒன்று, யூ, வி இரண்டுக்கும் ஒன்று, டபிள்யூ கிடையாது. இது தெரியாதவர்கள் ஜே பாரம் இல்லையே, புத்தகத்தில் குறை இருக்கிறது என்று பயந்துவிடுவார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லைத் தனியாக அச்சடித்திருப்பார்கள். அந்தச் சொல்லும் மறுபக்கத்தின் தொடக்கமும் பொருந்தவில்லை என்றால் நடுவில் ஒரு தாள் போயிருக்கிறது என்று அர்த்தம்.

காகிதத்தையும் அவர்தான் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மரக்கூழ் வருவதற்கு முந்திய காகிதம், கந்தல் துணியை ஊறவைத்து அரைத்துக் கையால் சல்லடையில் வார்த்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சல்லடைக் கம்பிகளின் தடம் கோடு கோடாகத் தெரியும். 270 வருடம் ஆன தாளை மடக்கினால் துணிபோல மடங்குகிறது. என் தாத்தா வீட்டில் இருந்த 1930-களின் புத்தகங்களோ தொட்டாலே அப்பளமாக நொறுங்கும். அந்த வித்தியாசம் காலத்தால் வந்ததில்லை, மரக்கூழாலும் அதில் சேர்த்த படிகாரத்தின் அமிலத்தாலும் வந்தது. எனவே தாள் மஞ்சளாகி நொறுங்கினால் 'மிகப் பழையது' என்று நம்பக்கூடாது. 1726 என்று சொல்லப்படும் புத்தகத்தின் தாள் நொறுங்கினால் அங்கேயே சந்தேகம் வரவேண்டும்.

அக்டோபரில் இணையத்தில் ஒரு பிரதி வந்தது. முதல் பதிப்பு வந்து கால் நூற்றாண்டு கழித்து லண்டனில் அச்சானது. இரண்டு தொகுதியும் ஒரே கட்டாக, பழுப்புக் கன்றுத்தோல் அட்டை. முதுகு மட்டும் பின்னாளில் புதிதாகப் போட்டது. விவரத்தில் 'முழுமையானது' என்ற சொல் இருந்தது. விலை 340 பவுண்டு. விற்றவர் கடைக்காரர், தனி நபர் இல்லை. வாங்கினேன்.

பொட்டலம் வந்த இரவு மேசையைத் துடைத்து, கைகழுவி ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளாக எண்ணினேன். ஒரு பாரம் விடவில்லை. அடிச்சொற்கள் எல்லாம் பொருந்தின. நள்ளிரவு தாண்டியிருந்தது. அப்பாவுக்கு விடிந்திருக்கும், உடனே கூப்பிட்டுச் சொன்னேன். "எல்லாத் தாளும் இருக்குதா கண்ணு?" என்றார். இருக்கிறது அப்பா என்றேன்.

நான் விட்டது எங்கே என்று இப்போது நன்றாகத் தெரியும். வரைபடங்கள் பாரத்தில் சேராதவை. எழுத்தை ஈய அச்சுக் கோத்து ஓர் அச்சகம் அடிக்கும். வரைபடமும் உருவப்படமும் செப்புத் தகட்டில் செதுக்கி, வேறு வகைப் பொறியில், தனித் தாளில் அடித்து, பைண்டர் கடைசியில் பசை தடவிச் செருகுவது. அதற்குப் பார எழுத்து கிடையாது, பக்க எண்ணும் கிடையாது. நான்கு வரைபடத்தையும் உருவி எடுத்துவிட்டாலும் ஏ, பி, சி வரிசை அப்படியே நிற்கும், அடிச்சொல்லும் பொருந்தும். வரைபடத்தைத் தனியாகச் சட்டம் போட்டு விற்றால் நல்ல காசு என்பதால் பழம்புத்தகங்களிலிருந்து முதலில் போவதும் அதுதான். படம், வரைபடம் உள்ள எந்தப் பழைய புத்தகம் வாங்கினாலும் எழுத்துத் தாளை ஒரு தடவை எண்ணுங்கள், செருகிய தாளைத் தனியாக ஒரு தடவை எண்ணுங்கள். எத்தனை இருக்கவேண்டும் என்ற எண்ணை விற்பவரிடம் கேட்காமல் நூலகத்திலிருந்து எடுங்கள்.

நான் நூலகத்துக்குப் போனது தற்செயல். யூஸ்டன் சாலையில் பிரிட்டிஷ் நூலகத்தின் அரிய நூல் வாசிப்பறை. வாசகர் அட்டைக்குக் காசில்லை. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் போதுமாக இருந்தன. உள்ளே பேனா கூடாது, பென்சில்தான். அதே ஆண்டு, அதே பதிப்பு கேட்டு வாங்கி, முதல் பதிப்புக்கும் இதற்கும் சொற்கள் எங்கே மாறுகின்றன என்று பார்க்க உட்கார்ந்தேன். வெள்ளைக் கையுறை தருவார்கள் என்று நினைத்திருந்தேன். வேண்டாம், சுத்தமான உலர்ந்த கைதான் நல்லது, கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் உணர்வு தெரியாமல் கிழித்துவிடுவோம் என்றார் அங்கே பணியில் இருந்தவர். சாய்வுத் தாங்கியில் புத்தகத்தை வைத்துத் திறந்தேன். முதல் பாகத்துக்கு எதிரே ஒரு வரைபடத்தில் சுமத்ராவும், அதற்குத் தெற்கே லில்லிபுட்டும் அதன் பகை நாடான பிளெஃபஸ்குவும் இருந்தன.

என் பிரதியில் இதைப் பார்த்த நினைவே இல்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து விளக்கைக் கிட்ட இழுத்துப் பார்த்தபோதுதான் அந்த நெல் அகல விளிம்பு கண்ணில் பட்டது. மற்ற மூன்று வரைபடமும் இருந்தன. போனது லில்லிபுட் மட்டும். அப்பா 31 வருடம் சாக்பீஸ் வைத்துக் காட்டிய லில்லிபுட்.

விற்றவருக்கு அன்றே எழுதினேன். தொலைவிலிருந்து வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமல் திருப்பித் தரும் 14 நாள் முடிந்துவிட்டது, இந்த வயதுப் புத்தகத்தில் இப்படி இருப்பது சகஜம் என்று பதில் வந்தது. கோபம் வந்தது. ஆனால் கோபத்தில் எழுதாமல் மறுநாள் வரை காத்திருந்தேன். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வணிகரிடம் வாங்கிய பொருள் அவர் சொன்ன விவரத்துக்கு மாறாக இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப்பணம் கேட்கலாம். மனம் மாறித் திருப்புவது வேறு, விவரம் பொய்த்ததால் திருப்புவது வேறு. தனி நபரிடம் வாங்கியிருந்தால் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்திருக்காது. விற்பனைப் பக்கத்தை வாங்கிய அன்றே படமெடுத்து வைத்திருந்தேன். 'முழுமையானது' என்ற சொல் தெரியும்படி அதையும், அறுபட்ட விளிம்பின் படத்தையும், நூலகப் பிரதியில் நான்கு வரைபடம் இருப்பதையும் எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் தொனி மாறியது. புத்தகத்தைத் திருப்பி அனுப்பி 340 பவுண்டையும் பெறலாம், அல்லது வைத்துக்கொண்டு 150 பவுண்டு திரும்பப் பெறலாம் என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். வைத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் அந்த வாரத்தில் நான் படித்தது.

நூலகத்தில் உட்கார்ந்து ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது, இந்தப் புத்தகம் பிறந்ததிலிருந்தே யாராவது ஒருவர் இதை வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். முதல் ஆள் பதிப்பாளர்தான். வழக்கு வந்துவிடும் என்ற பயத்தில் மோட் 1726-இலேயே கூரான இடங்களை மழுக்கி, ஸ்விஃப்ட் எழுதாத வரிகளைச் சேர்த்துவிட்டார். ஆன் மகாராணியைப் புகழும் ஒரு பத்தி அப்படி நுழைந்ததுதான். ஸ்விஃப்ட் பொறுக்கவில்லை. அவர் தன் கையால் திருத்தம் குறித்த முதல் பதிப்புப் பிரதி வட அயர்லாந்தின் ஆர்மா நகர நூலகத்தில் இன்றும் இருக்கிறது. 1735-இல் டப்ளினில் ஜார்ஜ் ஃபாக்னர் வெளியிட்ட பதிப்பில்தான் பெரும்பகுதி சரியானது. அதிலும் ஒரு பகுதி வரவில்லை. மூன்றாம் பாகத்தில், மேலே பறந்தபடி கீழே உள்ள ஊர்களை நசுக்கும் லபுட்டா தீவை எதிர்த்து லிண்டாலினோ என்ற ஊர் கிளர்ந்து எழும். லிண்டாலினோவில் 'லின்' இரண்டு தடவை வருகிறது. அதாவது 'டபுள் லின்', டப்ளின். இங்கிலாந்து அரசு அயர்லாந்தின்மேல் மட்டமான செப்புக்காசைத் திணிக்கப் பார்த்ததை எதிர்த்து 1724-இல் டப்ளின் எழுந்து நின்ற கதை அது. அந்தச் சில பத்திகள் 1899 வரை அச்சேறவே இல்லை. அதனால் 18-ஆம் நூற்றாண்டுப் பிரதி எதை வாங்கினாலும், எவ்வளவு கொடுத்து வாங்கினாலும், அந்தக் கிளர்ச்சி அதில் இருக்காது. கதையை முழுதாகப் படிக்க வேண்டுமென்றால் குறிப்புகளோடு வந்த இன்றைய மலிவுப் பதிப்பு ஒன்றைக் கூடவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் வாங்கியது ஒன்பது பவுண்டு.

அதற்குப் பிறகு வந்தவர்கள் குழந்தைகளுக்காக என்று சொல்லி வெட்டினார்கள். அரண்மனை தீப்பற்றியபோது கலிவர் சிறுநீர் கழித்து அணைப்பது போனது. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்ற சண்டையில், சிறு முனையில் உடைக்க மறுத்து 11,000 பேர் செத்தார்கள் என்ற வரி, மதச் சண்டையில் செத்தவர்களுக்காக ஸ்விஃப்ட் எழுதிய வரி, வெறும் வேடிக்கையாக மெலிந்தது. நான்காம் பாகத்தில் குதிரைகளின் நாட்டில் மனிதன் தன்னையே பார்த்துக் கூசிப்போகும் இடமெல்லாம் போயேபோனது. உலகத்தை மகிழ்விக்க இல்லை, எரிச்சலூட்டவே எழுதுகிறேன் என்று நண்பரும் கவிஞருமான அலெக்சாண்டர் போப்புக்குக் கடிதம் எழுதியவர் ஸ்விஃப்ட். எங்கள் வகுப்பு வரைக்கும் வந்து சேர்ந்தது அதில் கால்பங்கு. அந்தக் கால்பங்கே சன்னலோரம் பிள்ளைகளை நிறுத்தி வைத்தது என்றால், மிச்சத்தை அப்பா படிக்கவேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. ஒரு வரைபடம் போனாலும் என் பிரதியில் நான்கு பாகமும் இருந்தன.

இன்னொரு காரணமும் இருந்தது. மூன்றாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில் ஒரு வரி.

ஊருக்குக் கொண்டுபோன விதத்தையும் சொல்லவேண்டும், பலர் இதில் கவனக் குறைவாக இருக்கிறார்கள். கைப்பையில்தான் எடுத்துப்போனேன். சரக்குப் பெட்டியில் போடவில்லை. அமிலமில்லாத அட்டையில் அளவுக்கு ஒரு பெட்டி செய்து வாங்கினேன். வாங்கிய ரசீதும் நிலையை விவரிக்கும் தாளும் தனி உறையில். ஊரில் டிசம்பர் ஈரக்காற்று. புத்தகத்தைப் பார்த்ததும் அம்மா ஈரத்துணி எடுத்து வந்தாள். "வேண்டாம்மா, தண்ணி பட்டாத் தோல் கறுத்துரும்" என்று தடுத்தேன். பக்கத்து வீட்டு மாமா தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் பளபளக்கும் என்றார். எந்த எண்ணெயும் கூடாது. அது தோலில் ஊறித் தாளுக்கு இறங்கும், பூஞ்சைக்கும் தீனியாகும். காய்ந்த மென்மையான தூரிகையால் மேல்விளிம்புத் தூசியைத் தட்டினால் போதும். பாச்சை உருண்டையும் பெட்டிக்குள் போடவேண்டாம், அந்த நெடி ஆளுக்கும் ஆகாது. ராமபாணப் பூச்சிக்குப் பயந்தால், ஓலைச்சுவடிக்கு நம் ஆட்கள் வைத்த வசம்பைத் துணியில் முடிந்து அலமாரியின் மூலையில் வைக்கலாம், புத்தகத்துக்குள் வேண்டாம். பிளாஸ்டிக் உறைபோட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவும் ஈரம் இழுக்கும். இதையெல்லாம்விட நல்ல காப்பு, மாதம் ஒருதடவை எடுத்துப் படிப்பது. பூச்சியும் பூஞ்சையும் ஆள் தொடாத புத்தகத்தில்தான் குடியேறும்.

அப்பா திண்ணையில் தலையணையைப் போட்டு அதன்மேல் புத்தகத்தை வைத்துத் திறந்தார். முதல் பக்கத்திலேயே நின்றார்.

"இதென்ன கண்ணு, 'எஸ்' எல்லாம் 'எஃப்' மாதிரி இருக்குது?"

அந்தக் காலத்தில் சொல்லின் நடுவில் வரும் எஸ் அப்படித்தான் நீளமாக இருக்கும், எஃப் என்றால் குறுக்குக்கோடு தண்டைக் கடந்து இந்தப் பக்கமும் வரும் என்று காட்டினேன். பத்து நிமிடத்தில் பழகிவிட்டார். வரைபடம் போன கதையையும் மறைக்காமல் சொன்னேன். அந்த விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலையில் "ஏ, இங்க வா" என்று அம்மாவைக் கூப்பிட்டார். சமையலறையிலிருந்து அம்மா வந்ததும் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிப் படித்தார். 1706 ஆகஸ்ட் 5 புறப்பட்டு, 1707 ஏப்ரல் 11 அன்று செயின்ட் ஜார்ஜ் கோட்டை வந்து சேர்ந்தோம். மாலுமிகள் பலர் நோயுற்றிருந்ததால் அவர்கள் தேறுவதற்காக மூன்று வாரம் தங்கினோம்.

"நம்ம மெட்ராசு" என்றார். "நாஞ் சொல்லிக் குடுத்த கலிவர் நம்ம கோட்டையில மூணு வாரம் இருந்திருக்கறான். முப்பத்தொரு வருசம் நடத்தீருக்கறேன், எனக்குத் தெரியலயே."

ஸ்விஃப்ட் அந்த ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறார். கப்பல் இன்றைய வட வியட்நாமில் உள்ள டோங்கினுக்குப் போய்விடும். ஆனால் அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. 1707-இல் கோட்டையில் கவர்னர் யார் என்று என்னைத் தேடச் சொன்னார். தாமஸ் பிட் என்றேன். பென்சிலை எடுத்தவர் ஓரத்தில் குறிக்கப்போய், நினைவு வந்து, தனிக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள், போன வரைபடத்தின் நகல் ஒன்றை லண்டனில் நல்ல காகிதத்தில் அச்சிட்டு அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். அவரே வரைந்திருந்தார். புத்தகத்தில் சொன்னபடி 30 பாகை 2 கலை தெற்கு, வான் டீமன்ஸ் லேண்டுக்கு (இன்றைய டாஸ்மேனியா) வடமேற்கே லில்லிபுட், அதற்கு வடகிழக்கே பிளெஃபஸ்கு, நடுவில் 800 கஜ நீரிணை. கப்பல் உடைந்த பாறைக்கு ஒரு சின்னப் பெருக்கல் குறி.

பசை போட்டு ஒட்டக்கூடாது, பெட்டிக்குள் தனியாகத்தான் வைக்கவேண்டும் என்றேன். "தெரியுங் கண்ணு" என்று தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில், கரும்பலகையில் எழுதும் அதே உருண்டைக் கையெழுத்தில், பென்சிலால் எழுதியிருந்தார்: 'இது இந்தப் புத்தகத்தோடு வந்ததல்ல. மூலப்படம் இல்லாததால் 2018 டிசம்பரில் கோபியில் வரைந்தது.'